‘பெட்ஸ் இருக்கா?’ – ஒரு வாடகைக் கேள்வியின் வரலாறு



சென்னையில் வாடகைக்கு வீடு தேடியவர்களுக்கு புரோக்கர் கேட்கும் கேள்விகள் மனப்பாடம். எத்தனை பேர்? எங்கே வேலை? குடும்பமா, பேச்சிலரா? சைவமா, அசைவமா? இந்த வரிசையில் இப்போது இன்னொன்றும் சேர்ந்துவிட்டது: “பெட்ஸ் ஏதாவது இருக்கா?” ஆமாம் என்றதும் கையிலிருந்த பட்டியல் சட்டென்று சுருங்கிவிடும். மிஞ்சும் வீடுகளில் சில அலுவலகத்திலிருந்து வெகு தூரம். சில வீடுகளின் வாடகை கைக்கு எட்டாது. இன்னும் சிலவற்றில் “நாய் இருக்கறதால அட்வான்ஸ் கொஞ்சம் கூட ஆகும்” என்பார்கள்.

அந்தக் கேள்வி எப்போது, எப்படி வந்தது என்பதை இந்த இதழில் பார்ப்போம். நம் வளாகத்தில் வீட்டு உரிமையாளர்கள் இருக்கிறார்கள், வாடகைக்கு இருப்பவர்கள் இருக்கிறார்கள். இருவருக்கும் பொதுவாகச் சங்கம் இருக்கிறது. நாய், பூனை விஷயத்தில் இவர்களில் யார் ‘கூடாது’ என்று சொல்லலாம், எதுவரை சொல்லலாம் என்பதில் நம்மில் பலருக்கும் தெளிவில்லை. ஒவ்வொரு ‘கூடாது’வும் எங்கே பிறந்தது என்று தெரிந்தால் பாதிக் குழப்பம் தீரும்.

திண்ணை வீட்டில் எழாத கேள்வி

மயிலாப்பூர், திருவல்லிக்கேணிப் பக்கம் பழைய ‘ஸ்டோர்’ வீடுகளைப் பற்றி வீட்டில் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். நீளமான ஒரே கட்டடத்தில் வரிசையாகப் பல குடித்தனங்கள். பொதுக் கிணறு, பொதுக் குழாய், பின்னால் பொதுக் கழிப்பறை. தண்ணீர் பிடிக்கும் முறை, விருந்தாளிகள் தங்குவது, ஆசாரம் என்று வீட்டுக்காரர் விதித்த கட்டுப்பாடுகளுக்குக் குறைவில்லை. நாய்க்கென்று தனியாக விதி தேவைப்படவில்லை, ஏனென்றால் நாய் வாசற்படியைத் தாண்டி உள்ளே வரவில்லை.

அது தெருவில் இருந்தது. மீந்த சோற்றை யாரோ வைப்பார்கள். ராத்திரியில் புது ஆள் வந்தால் குரைக்கும். யாருக்கும் சொந்தமில்லை, எல்லோருக்கும் தெரியும். பூனை ஓட்டின் மேல் வந்து போகும். எலி குறைந்தால் சரி என்று விட்டுவிடுவார்கள். அடையாறு, நுங்கம்பாக்கம் பங்களாக்களில் ஜாதி நாய் வளர்த்தவர்களுக்குச் சொந்தமாகக் காம்பவுண்டு இருந்தது. வாடகைக் குடித்தனம், வீட்டுக்குள் வளரும் நாய் இரண்டும் ஒரே இடத்தில் சந்தித்துக்கொள்வது அபூர்வம்.

அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று சொல்லிவிட முடியாது. தெரு நாய்களை மாநகராட்சி பிடித்துக் கொன்றுகொண்டிருந்தது. 1959-இல் சென்னையில் தொடங்கிய புளூ கிராஸ் அமைப்பு, கொல்வதற்குப் பதில் கருத்தடை செய்யலாம் என்று 1960-களிலிருந்தே வலியுறுத்தி வந்தது. மாநகராட்சி அந்த வழிக்கு மாற 1990-களின் நடுப்பகுதி ஆயிற்று. 2001-இல் நாடு முழுவதற்குமான நாய்க் கருத்தடை விதிகள் வந்தன.

வாசலிலேயே வடிகட்டும் வழக்கம்

வாடகைதாரரை இத்தனை கேள்வி கேட்டு வடிகட்டும் பழக்கத்துக்கு ஒரு சட்டப் பின்னணி உண்டு.

இரண்டாம் உலகப் போர்க் காலத்திலும் அதற்குப் பிறகும் நகரங்களில் வீட்டுப் பஞ்சம். வாடகை கண்டபடி ஏறாமலும், குடியிருப்பவரைத் திடீரென்று வெளியேற்றாமலும் இருக்க அரசு தலையிட்டது. 1949-இல் ஒரு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. அதன் இடத்தில் 1960-இல் வந்த சட்டம் அரை நூற்றாண்டுக்கும் மேல் நீடித்தது. நியாய வாடகையை நிர்ணயிக்கச் சொல்லி மனுப் போடலாம். வாடகைதாரரைக் காலி செய்யச் சொல்ல, சட்டத்தில் எழுதப்பட்ட காரணங்களில் ஒன்றாவது இருக்க வேண்டும்: வேண்டுமென்றே வாடகை பாக்கி வைப்பது, உள்வாடகைக்கு விடுவது, கட்டடத்தைச் சேதப்படுத்துவது, உரிமையாளருக்கே வீடு தேவைப்படுவது போன்றவை.

அந்தக் காரணங்களில் நம் கதைக்கு முக்கியமான ஒன்று, அதே கட்டடத்திலோ அக்கம்பக்கத்திலோ இருப்பவர்களுக்குத் தொல்லையாக நடந்துகொள்வது. நாய் வளர்ப்பதைச் சட்டம் காரணமாகச் சொல்லவில்லை. தொல்லை என்றுதான் சொன்னது. அதையும் உரிமையாளர் நிரூபிக்க வேண்டும்.

ஏழை வாடகைதாரருக்கு இந்தச் சட்டம் பெரிய பாதுகாப்பு. அதோடு, யாரும் திட்டமிடாத ஒரு விளைவும் வந்தது. ‘ஒருமுறை உள்ளே விட்டால் வெளியே அனுப்ப முடியாது’ என்ற பயம் வீட்டுக்காரர்களுக்கு வந்துவிட்டது. வெளியேற்றுவது கடினமானதால் உள்ளே விடும்போதே வடிகட்டத் தொடங்கினார்கள். கேள்விகள் கூடின. ஒரு மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக்கூடாது என்று சட்டம் சொன்னபோதும், பத்து மாத அட்வான்ஸ் சென்னையின் வழக்கமாயிற்று. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்ய வேண்டும் என்பதால் 11 மாத ஒப்பந்தம் பிறந்தது. அச்சடித்த அந்த ஒப்பந்தத் தாளில், வாடகைதாரர் செய்யக்கூடாதவற்றின் பட்டியல் ஆண்டுக்கு ஆண்டு நீண்டது.

பிளாட் வந்தது, நாய் உள்ளே வந்தது

1970-களிலிருந்து சென்னையின் பெரிய தோட்ட வீடுகள் ஒவ்வொன்றாக இடிக்கப்பட்டு அந்த இடங்களில் பிளாட்டுகள் எழுந்தன. ஒரு குடும்பம் இருந்த மனையில் எட்டு, பன்னிரண்டு என்று குடும்பங்கள். 2000-இல் தரமணியில் டைடல் பார்க் திறக்கப்பட்டதற்குப் பிறகு பழைய மாமல்லபுரம் சாலை நெடுக அடுக்குமாடி வளாகங்கள் வரிசை கட்டின. வெளியூரிலிருந்து வேலைக்கு வந்த இளம் தம்பதிகள் அங்கே வாடகைக்குக் குடியேறினார்கள்.

இந்த மாற்றத்தில் நாயின் நிலையும் மாறியது. கேட்டும் செக்யூரிட்டியும் வந்ததும் தெரு நாய் வெளியே நின்றுவிட்டது. உள்ளே ஒரு நாய் இருக்க வேண்டுமானால் யாராவது ஒருவரின் நாயாக, ஒரு வீட்டுக்குள் வாழ்கிற நாயாக இருக்க வேண்டும் என்றாயிற்று. அது லிப்டில் வரும். மாடிப்படியில் இறங்கும். பக்கத்து வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் குரைக்கும். திண்ணை வீட்டில் வராத பிரச்சினைகள் இவை. நாய்க்குப் பயப்படும் குழந்தையும் முழங்கால் வலியோடு மெல்ல நடக்கும் பெரியவரும் அதே லிப்டில்தான் போயாக வேண்டும். அவர்களின் சங்கடம் உண்மையானது.

தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம் 1994-இல் வந்தது. உரிமையாளர் சங்கம், அதற்குத் துணை விதிகள் என்ற அமைப்பைச் சட்டமே வகுத்துக் கொடுத்தது. அதற்குப் பதிலாக வந்த 2022-ஆம் ஆண்டுச் சட்டம் 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. இதனால் வாடகைதாரருக்கு வாசல் இரண்டாயிற்று. முதல் வாசலில் வீட்டு உரிமையாளர், இரண்டாவது வாசலில் சங்கம். “எனக்கு ஒண்ணும் ஆட்சேபணை இல்ல, அசோசியேஷன்ல விடமாட்டாங்க” என்பார் உரிமையாளர். “நாங்க தடுக்கல, ஓனர்கிட்ட கேளுங்க” என்பார் சங்கச் செயலாளர். நடுவில் நிற்பவர் அடுத்த வீட்டைத் தேடிப் போவார்.

சட்டம் பிறந்ததில் சென்னையின் பங்கு

இந்தியாவின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்துக்கு வித்திட்டவர் நம் ஊர்க்காரர். கலாக்ஷேத்ராவை நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேல் 1952-இல் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்டார். விலங்குகளை வதைப்பதற்கு எதிராகத் தனிநபர் மசோதா ஒன்றை அங்கே கொண்டுவந்தார். அரசே சட்டம் கொண்டுவரும் என்று பிரதமர் நேரு உறுதி கூறியதால் அதைத் திரும்பப் பெற்றார். அதன் தொடர்ச்சியாக வந்ததுதான் 1960-ஆம் ஆண்டுச் சட்டம். அதன்கீழ் 1962-இல் அமைந்த இந்திய விலங்குகள் நல வாரியத்துக்கு அவரே முதல் தலைவர். 2018-இல் ஹரியானாவுக்கு மாறும் வரை வாரியத்தின் தலைமையகம் சென்னையில்தான் இருந்தது.

தமிழ்நாட்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டமும் இந்தச் சட்டமும் ஒரே ஆண்டில், 1960-இல் வந்தவை. ஒன்று வாடகைதாரரைக் காத்தது, இன்னொன்று விலங்கைக் காத்தது. விலங்கோடு வரும் வாடகைதாரரைப் பற்றி இரண்டும் பேசவில்லை. அந்த இடைவெளி இன்றுவரை முழுதாக அடைபடவில்லை.

சங்கங்கள் தொடர்பான பாதியை வாரியம் 2015 பிப்ரவரியில் வழிகாட்டுதலாக வெளியிட்டது. அதன் சாரம் இது: நகராட்சி விதிகளை மீறாமல் செல்லப் பிராணி வளர்ப்பவரைச் சங்கம் தடுக்க முடியாது. பெரும்பான்மை ஓட்டு எடுத்தாலும், துணை விதியைத் திருத்தினாலும் முடியாது. நாயின் இனத்தையோ உருவத்தையோ காட்டி மறுக்கக் கூடாது. லிப்டைப் பயன்படுத்த விடாமல் செய்வதோ அதற்குத் தனிக் கட்டணம் வாங்குவதோ கூடாது. குரைப்பதை மட்டும் காரணமாகச் சொல்லித் தடை போட முடியாது. வளர்ப்பவர் பக்கமும் கடமைகள் உண்டு: தடுப்பூசி, பொது இடத்தில் கயிறு, அசுத்தம் செய்தால் சுத்தம் செய்வது, அண்டை வீட்டாருக்குத் தொல்லையில்லாமல் பார்த்துக்கொள்வது.

2021 நவம்பரில் கேரள உயர் நீதிமன்றமும் இதே திசையில் தீர்ப்பளித்தது. குடியிருப்போர் செல்லப் பிராணி வளர்ப்பதை முற்றிலும் தடுக்கும் துணை விதிகள் செல்லாது என்றும், சங்கங்கள் நியாயமான நிபந்தனைகள் விதிக்கலாம் என்றும் கூறியது.

இதெல்லாம் சங்கத்துக்குச் சொன்னது என்பதைக் கவனியுங்கள். தன் வீட்டை யாருக்கு வாடகைக்கு விடுவது என்று முடிவு செய்யும் தனி உரிமையாளரை, நாயோடு வருபவரை ஏற்றே ஆகவேண்டும் என்று இங்கே எந்தச் சட்டமும் கட்டாயப்படுத்தவில்லை. இரண்டாவது வாசல் சட்டப்படி திறந்தாயிற்று. முதல் வாசல் இன்னும் உரிமையாளரின் கையில்.

மற்ற ஊர்களில் இந்த முடிச்சு

முதல் வாசலை மற்ற நாடுகள் எப்படிக் கையாண்டன என்று பார்த்தால் நமக்கும் பாடம் உண்டு.

நம்மைப் போலவே வாடகைக் கட்டுப்பாடு வேரூன்றிய ஊர் நியூயார்க். அங்கே கட்டுப்பாட்டுக்குள் இருந்த ஒரு வீட்டில் பழைய ஆள் காலி செய்துவிட்டுப் புது ஆள் வந்தால் வாடகையை உயர்த்தலாம். ஆகவே நெடுங்காலமாகக் குடியிருப்பவரை வெளியேற்றுவதில் உரிமையாளருக்கு லாபம் இருந்தது. ஒப்பந்தத்தில் உறங்கிக் கிடந்த ‘பிராணி கூடாது’ என்ற வரி அதற்குக் கைகொடுத்தது. நாய் இருப்பது பல ஆண்டுகளாகத் தெரிந்தும் பேசாமல் இருந்தவர்கள், நாயால் ஒரு தொல்லையும் இல்லாதபோதும், அதையே காட்டிக் காலி செய்யச் சொன்னார்கள்.

நகர மன்றம் இதைக் கண்டு 1983-இல் ஒரு சட்டம் செய்தது. வாடகைதாரர் ஒளிக்காமல் பிராணி வளர்க்கிறார். அது உரிமையாளருக்கோ அவருடைய ஆட்களுக்கோ தெரியும். தெரிந்தும் மூன்று மாதத்துக்குள் அவர் வழக்குத் தொடுக்கவில்லை. அப்படியானால் ஒப்பந்தத்தின் அந்த வரி அவருக்குப் பயன்படாது. பிராணி உண்மையிலேயே தொல்லையாகவோ சேதம் விளைவிப்பதாகவோ இருந்தால் நடவடிக்கை எடுக்கலாம். இந்தச் சட்டம் ஏற்கெனவே உள்ளே இருப்பவரைக் காத்தது. புதிதாக வீடு தேடுகிறவருக்குக் கதவைத் திறக்கவில்லை. ஆனால் நாயைச் சாக்காக வைத்து வாடகைக் கணக்குத் தீர்க்கப்படுகிறது என்பதை ஒரு நகரமே வெளிப்படையாக ஒப்புக்கொண்டது பெரிய விஷயம்.

பிரான்ஸ் அதற்கு முன்பே, 1970 ஜூலையில், இன்னும் நேரடியாகச் சொல்லிவிட்டது. குடியிருப்பு ஒப்பந்தத்தில் வீட்டுப் பிராணி கூடாது என்று எழுதியிருந்தால் அது எழுதாததற்குச் சமம். பிராணி கட்டடத்துக்குச் சேதமோ மற்றவர்களுக்குத் தொந்தரவோ செய்யக்கூடாது என்பது மட்டுமே நிபந்தனை.

ஜெர்மனியில் கெல்சென்கிர்ஹென் நகரிலிருந்து ஒரு வழக்கு அந்நாட்டின் உச்ச சிவில் நீதிமன்றம் வரை போனது. ஒரு வீட்டுவசதிக் கூட்டுறவின் வீட்டுக்கு, தோள் வரை 20 சென்டிமீட்டர் உயரமே உள்ள கலப்பின நாயோடு ஒரு குடும்பம் குடிவந்தது. ஒப்பந்தப்படி நாய், பூனை கூடாது என்றது கூட்டுறவு. நாய், பூனை எல்லாவற்றுக்கும் ஒரேயடியாகத் தடை போடும் அச்சிட்ட நிபந்தனை செல்லாது என்று 2013 மார்ச்சில் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எல்லோரும் இஷ்டப்படி வளர்க்கலாம் என்று பொருள் இல்லை. அந்தப் பிராணி, அந்த வீடு, அந்த அக்கம்பக்கத்தார் என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாக எடைபோட்டு முடிவு செய்ய வேண்டும் என்பதே அதன் பொருள்.

மூன்று ஊரும் மூன்று வழியில் போனாலும் வந்து சேர்ந்த இடம் ஒன்று. தொல்லையையும் சேதத்தையும் தடுக்க உரிமையாளருக்கு உரிமை உண்டு. ஆளைப் பார்க்காமல், பிராணியைப் பார்க்காமல் அச்சில் போட்ட ஒரு வரி அந்த உரிமைக்குச் சமமில்லை. நம் 1960-ஆம் ஆண்டு வாடகைச் சட்டமும் ‘தொல்லை’ என்ற சொல்லைத்தான் பயன்படுத்தியது என்பதை நினைவில் வையுங்கள்.

இன்று எல்லாம் தாளில்

அந்தப் பழைய சட்டம் இப்போது இல்லை. நில உரிமையாளர்கள், வாடகைதாரர்களின் உரிமைகளையும் பொறுப்புகளையும் முறைப்படுத்தும் 2017-ஆம் ஆண்டுச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. நியாய வாடகை நிர்ணயம் போய்விட்டது. இரு தரப்பும் ஒப்புக்கொண்டதே வாடகை. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகார அமைப்பிடம் பதிய வேண்டும். வேறு உடன்பாடு இல்லாவிட்டால் குடியிருப்புக்கு அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக் கூடாது. ஒப்பந்தம் முடிந்தால் வீட்டைத் திரும்பப் பெறவும் தெளிவான வழி இருக்கிறது.

அதாவது, வாசலிலேயே எல்லோரையும் வடிகட்ட வைத்த பழைய பயத்துக்கு இப்போது அவ்வளவு காரணம் இல்லை. பழைய தாள் மட்டும் அப்படியே இருக்கிறது. ஜெராக்ஸ் கடையிலோ பத்திரம் எழுதுபவரிடமோ கிடைக்கும் மாதிரி ஒப்பந்தத்தில் ‘பிராணிகள் வளர்க்கக் கூடாது’ என்ற வரி பல நேரங்களில் உரிமையாளர் கேட்காமலேயே இருக்கும். இருவரும் படிக்காமல் கையெழுத்துப் போடுவார்கள். பிரச்சினை வரும்போதுதான் அந்த வரி கண்ணில் படும்.

நாம் செய்யக்கூடியவை

வாடகைக்கு வருபவர்கள்: பிராணியை மறைத்துக் குடிவராதீர்கள். எத்தனை மாதம் ஆனாலும் அந்த வரியை வைத்து உங்களைக் கேட்கலாம். நியூயார்க்கின் மூன்று மாத விதி இங்கே கிடையாது. தடுப்பூசிச் சான்று, மாநகராட்சி உரிமம், முந்தைய வீட்டு உரிமையாளர் தரும் இரண்டு வரிக் கடிதம் ஆகியவற்றை வீடு பார்க்கப் போகும்போதே கையில் வைத்திருங்கள். ‘நாய்க்காக’ என்று மாத வாடகையைக் கூட்டச் சொன்னால் ஒப்புக்கொள்ளாமல், சேதம் இருந்தால் ஈடு கட்டுகிறேன் என்று எழுதிக் கொடுக்க முன்வாருங்கள். கூட்டிய வாடகை ஒருபோதும் திரும்பி வராது. சேதம் இல்லையென்றால் ஈட்டுக்கு வேலையே இல்லை.

உரிமையாளர்கள்: ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போது அந்த ஒரு வரியை நீங்களே படித்துப் பாருங்கள். உங்கள் கவலை கதவுக் கீறலா, சோபாவா, வாடையா, பக்கத்து வீட்டுக்காரரின் புகாரா? எதுவோ அதையே நிபந்தனையாக எழுதுங்கள். காலி செய்யும்போது பெயின்டிங்குக்கென்று எப்படியும் ஒரு தொகை பிடிக்கிறோம். பிராணியால் வந்த சேதத்தையும் அதே போல் பார்த்துக் கணக்கிடலாம். வீட்டின் நிலையைக் குடிவரும் நாளில் போட்டோ எடுத்து இருவரும் வைத்துக்கொண்டால் தகராறுக்கு இடமிருக்காது.

சங்கம்: தடை போட வழியில்லை என்பது தெளிவு. ஒழுங்கு செய்ய நிறைய வழி உண்டு. 2024-இல் சென்னை மாநகராட்சிப் பூங்கா ஒன்றில் ராட்வீலர் நாய்கள் ஒரு சிறுமியைக் கடித்துப் படுகாயப்படுத்தியதை யாரும் மறந்திருக்க மாட்டோம். பெற்றோரின் பயத்தை ‘சட்டம் அனுமதிக்கிறது’ என்ற ஒரு வாக்கியத்தால் தள்ளிவிட முடியாது. உரிமம், தடுப்பூசி விவரங்களைப் பதிவேட்டில் வைப்பது, லிப்டில் கயிறும் பெரியவர் ஒருவரும் கூட இருக்கச் சொல்வது, நாய்களை நடத்திச் செல்ல வளாகத்தில் ஓர் இடம் ஒதுக்குவது, புகார் வந்தால் இரு தரப்பையும் உட்காரவைத்துப் பேசுவது எல்லாம் நம் கையில் உள்ளவை.

கடைசியாக ஒன்று. வீடு கிடைக்காதபோது எல்லோரும் நாயோடு அலைந்துகொண்டே இருப்பதில்லை. சிலர் நாயை விட்டுவிட்டு வீட்டைப் பிடிக்கிறார்கள். பட்டினி கிடக்கும்படி பிராணியைக் காரணமின்றிக் கைவிடுவது 1960-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். முதல் முறைக்கு அந்தச் சட்டம் விதித்த அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. ருக்மிணி தேவியின் காலத்தில் எழுதிய தொகை இன்றும் மாறவில்லை. அபராதம் தடுக்காததை ஒப்பந்தத் தாளில் ஒரு வரியை மாற்றி எழுதுவதால் சில நேரம் தடுக்க முடியும். அடுத்த முறை அந்தத் தாள் உங்கள் கைக்கு வரும்போது, கையெழுத்துப் போடுமுன் அந்த வரியைத் தேடிப் படியுங்கள்.